எல்லோரும் ‘ஆம்’ என்ற எட்டுக் கேள்விகள்

என் இடத்துக்கு வந்து இந்தத் திட்டத்தின் கோப்பைத் திறந்ததும் உங்கள் கண்ணில் முதலில் படப்போவது அந்த எட்டு நெடுவரிசைகள்தான். தலைவலி, கால் வலி, இடுப்பு வலி, உடம்பெரிச்சல், நெஞ்சுப் படபடப்பு, வயிற்றுப் புகைச்சல், கண் இருட்டுவது, கை மரத்துப்போவது. மேலிருந்து கீழ்வரை ஏறக்குறைய எல்லா வரியிலும் ‘ஆம்’. மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலையைப் பிடுங்குகிற ஊரில் இடுப்பு வலி இல்லை என்று யார் சொல்வார்கள்? புள்ளியியல் படித்த எவருக்கும் அதைப் பார்த்ததும் கை துறுதுறுக்கும். எல்லோரும் ஒரே பதிலைச் சொல்லும் கேள்வி யாரையும் யாரிடமிருந்தும் பிரித்துக் காட்டாது. மதிப்பெண்ணிலும் அது சேர்வதில்லை. பிறகு எதற்கு இந்தக் குப்பை, தூக்கிவிடலாமே என்று நினைப்பீர்கள்.

தூக்காதீர்கள். கையேட்டில் அதற்கு ஒரு வரி எழுதியிருக்கிறேன். ஆனால் ஒரு வரியை யாரும் நம்புவதில்லை. உங்கள் இடத்தில் இருந்தபோது நானும் நம்பியிருக்க மாட்டேன். அதனால் நடந்ததை முழுதாக எழுதி வைத்துவிட்டுப் போகிறேன். நோயாளிகள், பணியாளர்கள் பெயர்களை மாற்றியிருக்கிறேன். என் தவறை மட்டும் மாற்றவில்லை.

முப்பத்திரண்டு வயதில் ஓய்வுபெற்றவள் போலப் பேசுகிறேனே என்று சிரிக்க வேண்டாம். இந்தத் திட்டத்தில் ஆறு வருடம் இருந்தேன். தொடங்கியபோது இருந்தவர்களில் மிஞ்சியது நானும் களப்பணியாளர் தனமும்தான். செஞ்சி பஜாரில் பாத்திரக்கடைக்காரர் மகள் நான். சென்னையில் புள்ளியியல் படித்துவிட்டுத் திரும்பி வந்தவள். சொந்த ஊர் என்பதால் இந்த மக்களை எனக்குத் தெரியும் என்ற நினைப்பு எனக்கு இருந்தது. கடைக் கல்லாவுக்குப் பின்னாலிருந்து பார்த்தால் எவ்வளவு தெரியுமோ அவ்வளவுதான் தெரிந்திருந்தது.

வேலை எளிமையானது. மனச்சோர்வுக்கு மாத்திரை எடுப்பவர்களைக் களப்பணியாளர்கள் மாதம் ஒருமுறை வீட்டில் போய்ப் பார்ப்பார்கள். முப்பது கேள்விகள் கொண்ட படிவத்தை நிரப்புவார்கள். அதில் வரும் மதிப்பெண்ணை வைத்து, செஞ்சிக்கு வாரம் இருமுறை வரும் மனநல மருத்துவர் மருந்தைக் கூட்டுவார், குறைப்பார், நிறுத்துவார். முப்பது கேள்விக்கு முக்கால் மணி நேரம் ஆனது. ஒரு நாளில் ஐந்து வீடுகூடப் போக முடியவில்லை. யாரும் போய்ப் பார்க்காத ஊர்களின் பட்டியல் நீண்டுகொண்டே போனது. படிவத்தைச் சுருக்கித் தரும்படி என்னிடம் சொன்னார்கள்.

சுருக்கினேன். இரண்டு வருடத்துப் பதில்கள் கையில் இருந்தன. எந்தக் கேள்வி மொத்த மதிப்பெண்ணோடு சேர்ந்து ஏறி இறங்குகிறது, எந்தக் கேள்வி அசையாமல் கிடக்கிறது, எந்த இரண்டு கேள்விகள் ஒரே வேலையைச் செய்கின்றன என்று பார்த்தேன். அசையாத எட்டும் முதலில் போயின. இரட்டைகளில் ஒன்று போயிற்று. கடைசியில் ஏழு நின்றன. அந்த ஏழில் மிகச் சிறந்த இரண்டை முன்னால் வைத்தேன்: மனம் சோர்ந்திருந்ததா, எதிலும் நாட்டமில்லாமல் போனதா. இரண்டுக்கும் ‘இல்லை’ என்றால் மற்ற ஐந்தைக் கேட்கவே வேண்டாம். களப்பணியாளர் கையில் இருக்கும் டேப்லெட்டின் திரை பச்சையாகி, ‘நலம்’ என்று காட்டும். அடுத்தடுத்து இரண்டு மாதம் பச்சை வந்தால் மருந்தைக் குறைக்கலாம் என்று மருத்துவருக்குக் குறிப்புப் போகும். மூன்றாவது பச்சையில் பெயர் பட்டியலிலிருந்து இறங்கிவிடும். இந்த விதியையும் நான்தான் எழுதினேன்.

பழைய பதில்களில் ஓட்டிப் பார்த்தபோது ஏழு கேள்வி சொன்ன முடிவும் முப்பது கேள்வி சொன்ன முடிவும் அநேகமாக எல்லா இடத்திலும் ஒத்துப்போயின. அந்த வரைபடத்தைப் பெரிதாக அச்சிட்டு என் மேசைக்கு எதிரே ஒட்டினேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஒட்டினேன்.

களத்தில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. மருத்துவருக்கும்தான், ஏனென்றால் பச்சைகள் கூடின. வரிசை குறைந்தது. புது ஆட்களைப் பார்க்க நேரம் கிடைத்தது. தனம் மட்டும் ஒருநாள் வந்து, “வூட்டுக்குப் போயி தண்ணி வாங்கிக் குடிக்கறதுக்குள்ள முடிஞ்சிடுது மேடம், இன்னா ஃபார்ம் இது?” என்றாள். “நல்லதுதானே தனம்?” என்றேன். “நல்லதுதான்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

தனம் வல்லத்துக்காரி. கூலிவேலைக் குடும்பம், அவள் வீட்டில் முதுகலை படித்த முதல் ஆள். என்னைவிட இரண்டு வயது மூத்தவள், ஆனாலும் ‘கணக்கு மேடம்’ என்றுதான் கூப்பிடுவாள். அதில் மரியாதை எவ்வளவு, கிண்டல் எவ்வளவு என்று ஆறு வருடமாக எனக்குத் தெரிந்ததில்லை.

அந்த வெள்ளிக்கிழமை நான் சிங்கவரம் போனது எதையும் சந்தேகப்பட்டு அல்ல. திங்கட்கிழமை அறிக்கை போக வேண்டும். சுருக்கிய படிவத்தை மற்ற ஒன்றியங்களுக்கும் கொடுக்கப் போகிறார்கள். ஒரு வீட்டுக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று நேரில் அளந்து ஒரு வரி சேர்த்தால் நன்றாக இருக்கும் என்று நினைத்தேன். போனில் ஸ்டாப்வாட்ச்சைத் தயாராக வைத்துக்கொண்டு தனத்தின் ஸ்கூட்டியில் ஏறினேன்.

கஸ்தூரியின் வீடு. முப்பத்து நான்கு வயது, கணவர் பெங்களூரில் கட்டட வேலை. கணவனின் அண்ணன் குடும்பத்தோடு ஒரே வீட்டில் இருக்கிறாள். மாத்திரை உடம்பு வலிக்கு என்றுதான் வீட்டில் சொல்லியிருந்தாள். முதல் இரண்டு மாதமும் பச்சை, எனவே மாத்திரையைப் பாதியாகக் குறைத்திருந்தார்கள். அன்றைக்கும் பச்சை வந்தால் பட்டியலிலிருந்து இறங்கிவிடுவாள்.

எதையும் எண்ணுவது என் பழக்கம். வாசலில் இருந்தவர்களை எண்ணினேன். கஸ்தூரி, அவள் ஓர்ப்படி மல்லிகா, மல்லிகாவின் மகள், மல்லிகாவின் கணவர், கயிற்றுக் கட்டிலில் மாமனார், எதிர்வீட்டுப் பெண், அவளிடம் முருங்கைக்கீரை வாங்க வந்த இன்னொருத்தி. ஏழு பேர்.

“இன்னா தனம், இந்தத் தடவயும் வெறசா வந்துட்ட?” என்றாள் மல்லிகா.

“கேள்வி கம்மியாயிடுச்சிக்கா. சட்டுனு முடிஞ்சிடும்.”

“இது யாரு, புது டாக்டரா?”

“டாக்டரு இல்லக்கா, கணக்கு மேடம். பஜார்ல பாத்திரக்கடை இருக்குதே, அவரு பொண்ணு.”

“அட, அந்தக் கடையா! போன ஆடில உங்க நைனாகிட்ட ஒரு குண்டான் வாங்கனோம்மா. அடி வுட்டுப்போச்சி. போயி சொல்லு அவருகிட்ட.”

எல்லோரும் சிரித்தார்கள். கஸ்தூரியும் சிரித்தாள். ஸ்டாப்வாட்ச்சை அழுத்தினேன்.

“கஸ்தூரிக்கா, போன ரெண்டு வாரத்துல மனசு சோர்ந்து, கவலையா இருந்துச்சா?”

கஸ்தூரி வாயைத் திறப்பதற்குள் மல்லிகா சொன்னாள்: “அவளுக்கு இன்னா கவல? வேளைக்கு சோறு, மாசம் பொறந்தா புருசன் போன் பண்றான்.”

“இல்ல” என்றாள் கஸ்தூரி.

“எதுலயும் இஷ்டம் இல்லாம இருந்துச்சா?”

“இல்ல.”

பச்சை. ஐம்பத்தெட்டு வினாடி. மனதுக்குள் எனக்கு நானே கை தட்டிக்கொண்டேன்.

சிங்கவரத்தில் சிக்னல் எப்போதும் மலையைச் சுற்றிக்கொண்டுதான் வரும். டேப் ‘சேமிக்கிறது’ என்று வட்டம் சுற்ற ஆரம்பித்து அப்படியே நின்றுவிட்டது. அது முடியாமல் அடுத்த வீட்டுப் படிவத்தைத் திறக்க முடியாது. தனம் இரண்டு தட்டு தட்டிப் பார்த்தாள். பிறகு கஸ்தூரிக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

“காலு வலி எப்டி இருக்குதுக்கா?”

“இருக்குது, அப்பிடியே.”

“எந்தக் காலு? மடக்கனா வலிக்குதா, நீட்டனா வலிக்குதா?”

சும்மா நேரம் போக்குகிறாள் என்று நினைத்தேன். பத்தாவது வார்த்தையிலேயே மல்லிகாவின் கணவர் பைக்கைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். தலைவலி வந்தது. தலைவலி நெற்றியிலா பிடரியிலா, காலையிலா மாலையிலா என்று தனம் கேட்டுக்கொண்டே போனாள். கீரை வாங்க வந்தவள் கீரையோடு போனாள், எதிர்வீட்டுப் பெண் சில்லறை எடுக்கப் போனவள் வரவில்லை. மகள் உள்ளே போய் டிவியைப் போட்டாள். மாமனார் தூங்கிவிட்டார். மல்லிகா கொஞ்சம் தாக்குப்பிடித்தாள்.

“வயித்துல புகைச்சலு, கண்ணு இருட்டுதா, அது இதுன்னு. எங்களுக்கெல்லாம் இல்லியா? கேட்டாக்கா எல்லாந்தான் வலிக்குது. நீங்க பேசிட்டிருங்க, நான் மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு வரேன்.”

போய்விட்டாள். கை மரத்துப்போகிறதா என்று தனம் கேட்டு முடித்தபோது வாசலில் நாங்கள் மூவரும், குறட்டை விடும் மாமனாரும் மட்டும் இருந்தோம். தனம் குரலை மாற்றவில்லை. கால் வலியைக் கேட்ட அதே தொனியில், “மனசு?” என்றாள். ஒரே ஒரு வார்த்தை.

கஸ்தூரி தன் விரல் நகத்திலிருந்த மண்ணைக் கொஞ்ச நேரம் சுரண்டினாள்.

“நான் இப்ப கெணத்துப் பக்கமா போவறதில்ல தனம்.”

“ம்.”

“ரெண்டு மாசமா. கொல்லைக்கு மல்லாட்ட வேலைக்குப் போவணும்னா ஏரிக்கரைய சுத்திக்கிட்டுப் போறேன். அர மணி நேரம் ஆவுது. ஏன் லேட்டுன்னு மல்லிகாக்கா திட்டுது.”

“ஏங்க்கா சுத்திக்கிட்டு?”

“கெணத்து வழியா போனா, அந்தப் பக்கம் போய்ச் சேருவனான்னு எனுக்குத் தெர்ல.”

கால் வலியைச் சொன்ன அதே குரல்தான்.

டேப் என் கையில் இருந்தது. திரையில் பச்சை அப்படியே எரிந்துகொண்டிருந்தது. ‘நலம்’ என்ற எழுத்தை நான்தான் தேர்ந்தெடுத்தேன். வட்டமான, கண்ணுக்கு இதமான எழுத்துரு. ஸ்டாப்வாட்ச் ஐம்பத்தெட்டில் நின்றிருந்தது. உடம்பு சில்லென்று ஆனது என்று எழுதினால் அது பொய். உடம்புக்கு ஒன்றுமே ஆகவில்லை. யாரோ வேறொருத்தியின் வேலையைப் பார்ப்பதுபோல அந்தத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போது வட்டம் சுற்றி முடித்தது. சிக்னல் வந்துவிட்டது. ‘சேமிக்கப்பட்டது. இவர் பட்டியலிலிருந்து நீக்கப்படுகிறார்.’

தனம் என்னைப் பார்த்தாள். திரையைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள்.

புதிதாக வந்திருப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பதறும்போது எனக்குப் பட்டியல்தான் கை கொடுக்கும். அன்றைக்கும் போனின் குறிப்பேட்டில் நான்கு வரி எழுதினேன். இவளைத் தனியாக விடக்கூடாது, தனம் நகரக்கூடாது. மருத்துவர் இன்றைக்கு நான்கு மணிவரைதான் இருப்பார். மல்லிகாவுக்கு என்ன சொல்வது? திரை சொன்னதை யார் மறுப்பது? நான்காவதை எழுதிவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். மறுக்க வேண்டியவள் நான்தான்.

கோயில் படிக்கட்டுப் பக்கம் ஏறினால்தான் போன் பேச முடியும். ஓடினேன். மருத்துவர் எடுத்தார்.

“கஸ்தூரியா? ரெண்டு தடவ பச்சைம்மா அது. இன்னைக்கு என்ன வந்துச்சு?”

“இன்னைக்கும் பச்சைதான் சார்.”

“அப்புறம் என்ன?”

“பச்சைய நம்பாதீங்க சார். அத எழுதினது நான். அது தப்பு.”

கஸ்தூரி சொன்னதை, சொன்ன சொற்களிலேயே சொன்னேன்.

“இப்பவே கூட்டிட்டு வாங்க. நாளைக்குன்னு வெக்காதீங்க. ஒரு நிமிஷம்கூட தனியா விடாதீங்க. நான் இருக்கேன்.”

திரும்பி வந்தபோது மல்லிகா தண்ணீர் வாளியோடு வந்துவிட்டிருந்தாள். கஸ்தூரியை எப்படி வெளியே கூட்டிக்கொண்டு போவது? உண்மையைச் சொன்னால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். மல்லிகா கெட்டவள் இல்லை. ஆனால் அவளுக்குக் கல்யாண வயதில் பெண் இருக்கிறாள். ‘அந்த வூட்டுல ஒருத்திக்கு மனசு சரியில்ல’ என்ற பேச்சு கிளம்பினால் மாப்பிள்ளை வீட்டார் படி ஏற மாட்டார்கள் என்று பயம். தனம்தான் பேசினாள்.

“மல்லிகாக்கா, கஸ்தூரிக்காவுக்குக் காலு வீங்கி இருக்குது பாரு. இன்னிக்கி பெரிய டாக்டர் வந்திருக்காரு. கூட்டிட்டுப் போயி காட்டிட்டு வந்துடறேன்.”

“இன்னிக்கா? மல்லாட்ட ஆயறதுக்கு ஆளு இல்லியே தனம்.”

“இன்னிக்கி காட்டலன்னா நாளைக்கு இந்தக் காலு கொல்லைக்கே வராது.”

மல்லிகா கஸ்தூரியின் காலைப் பார்த்தாள். அது நிஜமாகவே கொஞ்சம் வீங்கித்தான் இருந்தது. தினமும் ஏரிக்கரையைச் சுற்றி நடந்த கால்.

“காலுன்னா கூட்டிட்டுப் போ. செருப்பு போட்டுக்கடி. காசு வெச்சிருக்கியா பஸ்ஸுக்கு?”

அவளே முந்தானையில் முடிந்து வைத்திருந்ததை அவிழ்த்துக் கொடுத்தாள். மனதுக்குத் திறக்காத கதவு காலுக்கு அவ்வளவு எளிதாகத் திறந்தது. ஸ்கூட்டியில் தனமும் கஸ்தூரியும் போனார்கள். நான் பின்னால் வந்த பஸ்ஸில் ஏறினேன். பஸ்ஸில் நின்றுகொண்டு, நான் வெட்டிய எட்டுக் கேள்விகளையும் மனதுக்குள் வரிசையாகச் சொல்லிப் பார்த்தேன்.

மருத்துவர் கஸ்தூரியோடு தனியாக வெகுநேரம் பேசினார். மாத்திரை பழைய அளவுக்குப் போனது. அன்று மாலையே சீயமங்கலத்திலிருந்து அவள் கூடப் பிறந்த அக்காவை வரவழைத்து அவளோடு அனுப்பிவைத்தார்கள். சில நாள் தாய்வீட்டில் இருந்து காலுக்கு மருந்து போடட்டும் என்று மல்லிகாவுக்குச் செய்தி போயிற்று.

அவர்கள் போன பிறகு மருத்துவர் வெளியே வந்தார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் சோர்ந்துபோய் நாற்காலியில் உட்கார்ந்தார்.

“பச்சைய பார்த்துத்தானேம்மா நான் குறைச்சேன்” என்றார். பிறகு, “இப்படி ரெண்டு பச்சை வாங்கினவங்க எத்தன பேரு?”

எனக்கு அந்த எண் மனப்பாடமாகத் தெரியும். திங்கட்கிழமை அறிக்கையின் முதல் பத்தியில், வெற்றி என்ற தலைப்பின் கீழ் இருந்த எண் அது.

அலுவலகத்துக்குத் திரும்பியதும் நான் முதலில் செய்தது சுவரிலிருந்த வரைபடத்தைக் கழற்றியதுதான். பிறகு எங்கள் வாட்ஸாப் குழுவில் பின்னோக்கிப் போனேன். புதுப் படிவம் வந்த இரண்டாவது வாரம் தனம் எழுதியிருந்தாள்: ‘கேள்வி கம்மியா இருக்குது, ஆளுங்க கலையறதுக்கு முன்னாடியே முடிஞ்சிடுது.’ அதற்குக் கீழே என் பதில்: ஒரு கட்டைவிரல். இந்தத் தொழிலில் நான் செய்த மிக மோசமான கணக்கு அந்தக் கட்டைவிரல்தான்.

தனம் வந்ததும் கேட்டேன். “உனக்கு முன்னாடியே தெரியுமா?”

“எது மேடம்?”

“அந்த எட்டுக் கேள்வி ஆளுங்கள கலைக்கறதுக்குன்னு.”

அவள் என்னை விநோதமாகப் பார்த்தாள். “எங்க எல்லாருக்கும் தெரியும். அதுக்குத்தான் வெச்சிருக்காங்கன்னு நெனச்சோம். நீங்க எடுத்தப்ப, பெரிய படிப்பு படிச்சவங்க, வேற எதுனா வழி வெச்சிருப்பீங்கன்னு பாத்தோம்.”

“ஆளுங்கள போகச் சொல்லலாமே? கையேட்டுலயே தனியா பேசணும்னு போட்டிருக்கு.”

“தனியா பேசணும்னு சொல்லிப் பாருங்க. தெருவே வந்து நிக்கும். காலு வலியப் பத்திப் பேசுங்க, ஒருத்தரும் நிக்க மாட்டாங்க.”

இனி கணக்கு. நான் பழைய பதில்களை வைத்துத்தான் சுருக்கினேன், அவற்றிலேயே ஓட்டிச் சரிபார்த்தேன். அந்த ஏழு பதில்களும் முப்பதுக்கு நடுவே, அரை மணி நேரம் பேசிய பிறகு, வாசல் காலியான பிறகு சொல்லப்பட்டவை. ஆளில்லாத வாசலில் கிடைத்த பதில்களை எடுத்துக்கொண்டு, அந்த வாசலைக் காலி செய்த கேள்விகளை எறிந்திருந்தேன். வரைபடம் பொய் சொல்லவில்லை. ஏழு கேள்வியை மட்டும் எடுத்துக்கொண்டு போய் ஒரு வீட்டில்கூடக் கேட்டுப் பார்க்காமல் ‘சரிபார்த்தேன்’ என்று எழுதியது நான். சுருக்கிய படிவத்தைச் சுருக்கிய படிவமாகவே, புதிதாக, களத்தில் கேட்டுப் பார்க்க வேண்டும். நீளமானதிலிருந்து வெட்டி எடுத்த பதில்கள் அதற்குச் சாட்சி ஆகாது. பாடப்புத்தகத்திலேயே இருக்கிற விஷயம்தான். தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன்.

சனிக்கிழமை திட்டத் தலைமைக்குப் போன் செய்தேன். ஒரே ஒரு நோயாளியை வைத்து முடிவெடுக்கிறாயா, நீ புள்ளியியல் படித்தவளா என்று கேட்டார்கள். ஒருத்தியை வைத்து ஒன்றும் நிரூபிக்க முடியாது என்பது எனக்குத் தெரியும். ஒருத்தியே போதும் நிறுத்துவதற்கு என்று சொன்னேன். அறிக்கை போகவில்லை.

திங்கள் முதல் தனமும் மற்றவர்களும் இரண்டு பச்சை வாங்கிய எல்லோர் வீட்டுக்கும் பழைய முப்பது கேள்வியோடு போனார்கள். எத்தனை பேர் உண்மையில் பச்சை இல்லை என்ற எண்ணை இங்கே எழுத மாட்டேன். எழுதினால் நீங்கள் சதவீதம் போடுவீர்கள். அந்தத் தாள்களை ஒவ்வொன்றாக நானே டேப்பில் ஏற்றினேன், வேறு யாரையும் விடவில்லை. ஒவ்வொரு தாளும் முதல் எட்டு வரியில் ஒரே மாதிரி இருக்கும்: ஆம், ஆம், ஆம். ஒன்பதாவது வரியில்தான் மனிதர்கள் ஆரம்பித்தார்கள். சில தாள்களைப் படித்துவிட்டு எழுந்து வெளியே போய் நின்றிருக்கிறேன். மூன்று மாதமாக இவர்களையெல்லாம் நலம் என்று வட்ட எழுத்தில் சொல்லிக்கொண்டிருந்தது என் திரை.

ஒருவரை மட்டும் கண்டுபிடிக்க முடியவில்லை. வல்லம் பக்கத்துக்காரர், மூன்றாவது பச்சை வாங்கிப் பட்டியலிலிருந்து இறங்கிய பிறகு வெளியூருக்கு வேலைக்குப் போய்விட்டார். போன் அணைந்திருக்கிறது. உறவினர்களுக்கும் தெரியவில்லை. நன்றாகவே இருக்கலாம். நான் மாதத்தின் முதல் தேதி அந்த எண்ணுக்கு அடித்துப் பார்ப்பேன். எண்ணை மேசையின் இடது இழுப்பறையில் ஒட்டி வைத்திருக்கிறேன். இனி நீங்கள் அடியுங்கள்.

இப்போதைய படிவத்தில் பதினைந்து கேள்விகள். எட்டு உடம்புக்கு, மதிப்பெண் கிடையாது. ஏழு மனதுக்கு, எல்லாவற்றையும் கேட்டே ஆக வேண்டும், நடுவில் நிறுத்தும் விதி இல்லை. இதைக் களத்தில் புதிதாகக் கேட்டுச் சோதித்தோம். எட்டாவது கேள்விக்கும் ஒன்பதாவதற்கும் நடுவே ஒரு பெட்டி வைத்திருக்கிறேன்: ‘இப்போது பக்கத்தில் யார் இருக்கிறார்கள்?’ நான் இந்தத் திட்டத்துக்குச் சேர்த்த ஒரே கேள்வி அதுதான். மீதி எல்லாம் தனமும் அவளைப் போன்றவர்களும் முன்பே செய்துகொண்டிருந்தது. வருடா வருடம் யாராவது ஒரு மதிப்பீட்டாளர், பகுப்பாய்வு செய்யாத எட்டு நெடுவரிசைகளை ஏன் சேகரிக்கிறீர்கள் என்று கேட்பார். இந்தக் கட்டுரையைக் கொடுங்கள். படிக்க நேரமில்லை என்றால் சிங்கவரத்துக்கு அழைத்துப் போங்கள்.

போன மாதம், விடைபெறுவதற்கு முன்னால், தனத்தோடு ஒருமுறை கஸ்தூரி வீட்டுக்குப் போனேன். தாய்வீட்டிலிருந்து திரும்பி நாளாகிவிட்டது. மாத்திரை ஒழுங்காகப் போகிறது. வாசலில் அதே கூட்டம், கூடவே ரெண்டு புது முகம். மல்லிகா மகளின் கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது.

எங்களைப் பார்த்ததும் கஸ்தூரி தனம் கேட்பதற்கு முன்பே உரத்த குரலில் ஆரம்பித்தாள்.

“தனம், காலு ரொம்ப வலிக்குது தனம். மொதல்ல முட்டி, அப்பறம் கணுக்காலு. எழுதிக்க. மடக்கனாலும் வலிக்குது, நீட்டனாலும் வலிக்குது.”

“ஆரம்பிச்சிட்டாடா” என்று மல்லிகாவின் கணவர் எழுந்து போனார். கஸ்தூரி விடவில்லை. இடுப்பு, பிடரி, வயிறு என்று ஒவ்வொன்றாக, நிதானமாக, ஒரு வலியையும் விடாமல் சொன்னாள். புது முகங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நகர்ந்தன. மல்லிகா டீ போட உள்ளே போனாள். போகும்போது, “குண்டான மாத்திக் குடுத்துட்டாரும்மா உங்க நைனா” என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

வாசல் காலியானதும் கஸ்தூரி பேச்சை நிறுத்தினாள். தனம் டேப்பைத் தரையில் வைத்தாள்.

“கொல்லைக்கு எந்த வழியாக்கா போற இப்ப?”

“கெணத்து வழியாதான்” என்றாள் கஸ்தூரி. “அதானே கிட்ட.”